வெள்ளம் கேட்கும் மரங்கள்

புல்வெளிப் பிரதேசம் என்றால் மரமே இருக்காது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கனடாவின் தெற்கு ஆல்பர்ட்டாவில் உள்ள லெத்பிரிட்ஜ் நகரில், மேட்டு நிலத்தில் நிற்கும் மரங்கள் பெரும்பாலும் மனிதர்கள் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவைதான். ஆனால் ஊரை ஒட்டிய ஓல்ட்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினால் கதையே வேறு. யாரும் நடாத காட்டன்வுட் மரங்கள் கரை நெடுக நிற்கின்றன!

இதில் ஒரு விசேஷம் உண்டு. முக்கோண இலைக்காரர் ஒன்று, அலரி இலை போல ஒடுங்கிய இலைக்காரர் ஒன்று, பிசின் மணக்கும் மொட்டுக்காரர் ஒன்று என மூன்று இனங்கள் இங்கே சந்தித்துக் கலக்கின்றன. எது எந்த இனம் என்று சொல்ல முடியாத கலப்பு மரங்களும் ஏராளம்.

கோடைத் தொடக்கத்தில் விதைகள் இலவம்பஞ்சு போலப் பறக்கும். அவற்றுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். அதே சமயம் பனி உருகி வந்த வெள்ளம் வடிந்து, ஈர வண்டலை விட்டுப்போக வேண்டும். தண்ணீர் மட்டமும் நாளுக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. வேகமாக இறங்கினால் வேர் எட்டிப் பிடிக்க முடியாமல் கன்று கருகிவிடும்.

1951ல் செயின்ட் மேரி ஆற்றில் அணை கட்டிப் பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். அணைக்குக் கீழே காட்டன்வுட் தோப்புகள் மெல்ல மெல்ல அழிந்தன. ஒருவரும் கோடரி எடுக்கவில்லை, குழாயை மூடியதே போதுமானதாக இருந்தது. 1995ல் பெருவெள்ளம் வந்தபோது லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் யோசனைப்படி அணைத் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கரையில் புதுக் கன்றுகள் திரளாக முளைத்தன.

விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். காய்ந்த பூமியில் உருளைக்கிழங்கும் சர்க்கரைக் கிழங்கும் சும்மா விளையாது. ஆனால் இந்த மரங்கள் வருஷா வருஷம் பங்கு கேட்கவில்லை. ஐந்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை நல்ல வெள்ளம் வரும்போது, அதை மெதுவாக வடிய விட்டால் போதும். கணக்குப் பாடத்தில் சொல்வது போல, வட்டியை எடுக்கலாம், முதலில் கை வைக்கக் கூடாது.

கிழட்டு மரங்களைப் பூங்காவாக அறிவித்து வேலி போடுவது சுலபம். அதன் நிழலில் ஒரு கன்றுகூட இல்லையென்றால், காப்பாற்றுவது காட்டை அல்ல, முதியோர் இல்லத்தை! காடு தொடர வேண்டுமானால் வேலியைவிட அணையின் மதகைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.