தோற்ற ஊர் கை தட்டியது

கால்பந்து ரசிகர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். இங்கிலாந்து ரசிகர்களிடம் 1989-ம் ஆண்டு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்த ஆட்டம் என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். மே மாதம் 26-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, லிவர்பூல் கோஷ்டியும் லண்டன் ஆர்சனல் கோஷ்டியும் மோதிய ஆட்டம்தான் அது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாதம் ஓயவில்லை.

முதல் கோல் செல்லுமா, செல்லாதா? புள்ளிக் கணக்கு நியாயமா? கடைசி நிமிடத்தில் அப்படி ஆடியிருக்கலாமா? ஆளுக்கு ஒரு கட்சி. நாமும் அந்த வாதத்தில் கொஞ்சம் தலையிடலாம். ஆனால் கோலைவிட நமக்குப் பெரிதாகப் படுவது, ஆட்டம் முடிந்தபின் தோற்ற ஊர் ஜனங்கள் செய்த காரியம்.

இரண்டு கோல் வேண்டும்!

லீக் பந்தயம் ஒரு நாள் கூத்து அல்ல. அந்த வருஷம் முதல் டிவிஷனில் 20 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இரண்டு தடவை மோதவேண்டும். சொந்த ஊரில் ஒன்று, எதிரியின் ஊரில் ஒன்று. ஆக 38 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி. சமமானால் 1 புள்ளி. கடைசியில் யாருக்கு அதிகப் புள்ளியோ, அவர்களுக்குச் சாம்பியன் பட்டம்.

37 ஆட்டம் முடிந்தபோது லிவர்பூலுக்கு 76 புள்ளி. ஆர்சனலுக்கு 73. மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதுவும் இந்த இரண்டு கோஷ்டிகளுக்குள்ளே!

ஆர்சனல் ஜெயித்தால் 76, 76 என்று சமமாகிவிடும். அப்போது கோல் வித்தியாசம் பார்க்கவேண்டும். அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழிக்கவேண்டும், அவ்வளவுதான். லிவர்பூல் 65 அடித்து 26 வாங்கியிருந்தது, வித்தியாசம் 39. ஆர்சனல் 71 அடித்து 36 வாங்கியிருந்தது, வித்தியாசம் 35.

ஒரு கோலில் ஜெயித்தால் ஆர்சனலுக்கு 36, லிவர்பூலுக்கு 38. பயன் இல்லை. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு பேருக்கும் 37. அதிலும் சமம் என்றால், மொத்தத்தில் அதிக கோல் அடித்தவருக்கே பட்டம். அதில் ஆர்சனல் முந்திக்கொள்ளும்.

ஆகவே லிவர்பூலை அதன் சொந்த மைதானமான ஆன்பீல்டில் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்கடிக்கவேண்டும். நடக்கிற காரியமா? 1974-க்குப் பிறகு ஆர்சனல் அந்த மைதானத்தில் ஜெயித்ததே கிடையாது. லிவர்பூலோ ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு எவரிடமும் தோற்கவில்லை. ஆறு நாளைக்கு முன்புதான் எப்.ஏ. கோப்பையையும் வென்றிருந்தது.

இடையில் ஒரு துயரம்

இந்த ஆட்டம் ஏப்ரல் 23-ந் தேதி நடக்கவேண்டியது. தள்ளிப் போனதற்குக் காரணம் மழை அல்ல. சாவு.

ஏப்ரல் 15-ந் தேதி ஷெபீல்டு நகரத்தில், ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலுக்கு வேறொரு பந்தயம் இருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான ரசிகர்கள் நின்றுகொண்டுதான் ஆட்டம் பார்ப்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி இரும்பு வேலி. வெளியே கூட்டம் நெரிகிறது என்று போலீஸ் அதிகாரி ஒரு பெரிய கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்கள் நேரே ஒரு சுரங்கவழியில் இறங்கினார்கள். அதன் முடிவில் இருந்த அடைப்புகள் ஏற்கனவே நிரம்பியிருந்தன. முன்னால் நின்றவர்கள் வேலியோடு நசுங்கினார்கள்.

மொத்தம் 97 பேர் பலி. பெரும்பாலோர் இளைஞர்கள். 10 வயதுச் சிறுவன் ஒருவனும் அதில் உண்டு. காயம்பட்டு வருஷக்கணக்கில் கிடந்து கடைசியாக இறந்தவர் 2021-ல்தான் இறந்தார்.

துயரம் அதோடு நிற்கவில்லை. ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அந்தப் போலீஸ் அதிகாரி பொய் சொன்னார். நாலு நாள் கழித்து லண்டன் பத்திரிகையான ‘சன்’, ரசிகர்கள் செத்தவர்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள் என்றும், உதவி செய்த போலீசாரை அடித்தார்கள் என்றும் முதல் பக்கத்தில் அச்சடித்தது. அதற்கு அது கொடுத்த தலைப்பு, ‘உண்மை’!

பலர் நம்பினார்கள். நம்புவதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1985-ல் பெல்ஜியம் தேசத்தில் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் சிலர் எதிர்க்கூட்டத்தின்மேல் பாய்ந்ததால் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். அது மறைக்கக்கூடியது அல்ல. ஆனால் ஒரு தடவை தப்பு செய்த ஊரின்மேல் அடுத்த பழியையும் கேள்வி கேட்காமல் சுமத்துவது என்ன நியாயம்?

லிவர்பூல் ஆட்டக்காரர்கள் பிண ஊர்வலங்களுக்குப் போய்வந்தார்கள். பிறகு மறுபடியும் ஆட இறங்கினார்கள். தள்ளிப்போன பந்தயங்கள் குவிந்துவிட்டதால் மே மாதம் 24 நாளில் 8 ஆட்டம் ஆடவேண்டியிருந்தது. எட்டாவது ஆட்டம்தான் ஆர்சனலோடு.

அந்த இரவு

லண்டனிலிருந்து வந்த ரசிகர்கள் வழியில் சிக்கிக்கொண்டதால் ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. ஆர்சனல் ஆட்டக்காரர்கள் கையில் பூச்செண்டுகளோடு வந்தார்கள். மைதானத்தின் நாலு பக்கமும் ஓடி, லிவர்பூல் ஜனங்களிடம் கொடுத்தார்கள். செத்தவர்களுக்கு அஞ்சலி.

முதல் பாதியில் கோல் இல்லை. அதில் சொல்லவும் அதிகம் இல்லை.

52-வது நிமிடம். ஆர்சனலுக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. மறைமுகமான பிரீ கிக். அதாவது உதைத்த பந்து வேறொரு ஆட்டக்காரர்மேல் பட்டுப் போனால்தான் கோல் செல்லும். விண்டர்பர்ன் உதைத்தார். ஆலன் ஸ்மித் தலையைக் கொடுத்தார். பந்து வலைக்குள்!

“தலையில் படவே இல்லை” என்று லிவர்பூல் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் லைன்ஸ்மேனிடம் போனார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் கோல் செல்லும் என்றார். ஸ்மித்தோ தலையில் பட்டது என்று இன்றுவரை உறுதியாகச் சொல்கிறார்.

இன்னும் ஒரு கோல். நேரம் ஓடியது. மைக்கேல் தாமஸ் என்ற இளைஞருக்கு நல்ல சந்தர்ப்பம் ஒன்று கிடைத்தது. நேரே கோல்கீப்பர் கையில் அடித்துவிட்டார்.

90 நிமிடமும் ஆகிவிட்டது. ஆர்சனலின் ரிச்சர்ட்சன் காலில் நரம்பு இழுத்துக் கீழே விழுந்ததால் சற்று நேரம் கூடியது. லிவர்பூலின் மக்மேகன் ஒரு விரலைக் காட்டித் தன் தோழர்களை உஷார்ப்படுத்தினார். ஒரே நிமிடம்!

பந்து லிவர்பூலின் ஜான் பார்ன்ஸ் காலில் இருந்தது. எதிரியின் மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தால் நேரம் போயிருக்கும். அவர் கோலை நோக்கித் திரும்பினார். நரம்பு இழுத்துக்கொண்ட அதே ரிச்சர்ட்சன் பந்தைப் பறித்து, தன் கோல்கீப்பரிடம் தள்ளினார். அங்கிருந்து டிக்சன், டிக்சனிடமிருந்து ஸ்மித், ஸ்மித்திடமிருந்து தாமஸ். பந்து லிவர்பூல் தடுப்பாளர் நிக்கல்மேல் பட்டுத் திரும்பி, தாமஸின் முன்னாலேயே விழுந்தது. கோல்கீப்பர் பாய்ந்து வந்தார். தாமஸ் அவசரப்படவில்லை. அவர் விழும்வரை பொறுத்திருந்து, மேலே தூக்கி அடித்தார்.

இரண்டு கோல்!

லிவர்பூல் ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார்கள். 18 வருஷத்துக்குப் பிறகு ஆர்சனலுக்குப் பட்டம்.

கணக்கில் வில்லங்கம்

ரசிகர்கள் வாதத்தில் ருசியானது இந்தக் கணக்குத்தான். இரண்டு கோஷ்டிக்கும் 22 வெற்றி, 10 சமம், 6 தோல்வி. புள்ளி 76. வித்தியாசம் 37. எல்லாம் சமம்! ஆர்சனல் அடித்தது 73, லிவர்பூல் அடித்தது 65. இந்த எட்டு கோலில்தான் பட்டம் போனது.

ஆனால் பழைய காலத்தில் வேறு கணக்கு இருந்தது. கழிக்கமாட்டார்கள், வகுப்பார்கள். அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து வருவதுதான் கோல் சராசரி. அதன்படி பார்த்தால் ஆர்சனலுக்கு 73-ஐ 36-ஆல் வகுத்து 2.03. லிவர்பூலுக்கு 65-ஐ 28-ஆல் வகுத்து 2.32. பட்டம் லிவர்பூலுக்கு!

“பார்த்தீர்களா, அநியாயம்” என்று லிவர்பூல்காரர் சொன்னால் அது தப்பு. பழைய கணக்கு 1976-லேயே போய்விட்டது. அது போனதும் நல்லதுதான். நம் வீட்டு வரவு செலவில் வைத்துப் பாருங்கள். ஒருவர் 20 ரூபாய் சம்பாதித்து 10 ரூபாய் செலவு செய்கிறார், மிச்சம் 10. இன்னொருவர் 6 ரூபாய் சம்பாதித்து 2 ரூபாய் செலவு செய்கிறார், மிச்சம் 4. வகுத்துப் பார்த்தால் முன்னவருக்கு 2, பின்னவருக்கு 3. பின்னவரே பணக்காரர் என்று சொல்லும் கணக்கை எந்தக் குடும்பத் தலைவி ஒப்புக்கொள்வாள்? கோல் அடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறவருக்கு அந்தக் கணக்கு சலுகை காட்டியது. (1953-ல் இதே ஆர்சனல் பழைய கணக்கில்தான் பிரஸ்டன் கோஷ்டியை முந்திப் பட்டம் வாங்கியது. ஆனால் புதுக் கணக்குப் போட்டாலும் அன்று ஆர்சனல்தான்.)

சரி, ஜான் பார்ன்ஸ் பந்தை மூலைக்குக் கொண்டுபோயிருக்கலாமே? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். முன்னேறி ஆடுவதுதான் அவர் ஆட்டம். அப்படி ஆடித்தான் லிவர்பூல் அவ்வளவு தூரம் வந்தது. 24 நாளில் 8 ஆட்டம் என்ற களைப்பு பெரிய காரணம் என்பதே நம் கட்சி. அதற்காக ஆர்சனலின் வெற்றியைக் குறைத்துப் பேசக்கூடாது. அவர்கள் கடைசி வாரங்களில் சொந்த ஊரில் டெர்பியிடம் தோற்று, விம்பிள்டனோடு சமமாகி, கைப்பொருளைத் தாங்களே கொட்டிவிட்டு, பிறகு ஒரே இரவில் பொறுக்கி எடுத்தவர்கள்.

எழுந்து நின்றார்கள்

இப்போது அந்தக் கடைசி விசிலுக்கு வருவோம்.

ஹில்ஸ்பரோவில் சாவு விழுந்து 41 நாள் ஆகியிருந்தது. பட்டம் கிடைத்திருந்தால் செத்தவர்களுக்குக் காணிக்கையாக இருந்திருக்கும். கையில் இருந்த பட்டம் கண்ணெதிரே ஒரு நிமிடத்தில் போனது. இப்படிப்பட்ட நேரத்தில் கல்லும் பாட்டிலும் பறந்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து மைதானங்களில் அது சகஜம்.

ஆன்பீல்டில் ஒன்றும் பறக்கவில்லை. லிவர்பூல் ரசிகர்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ் பட்டக் கோப்பையை வாங்கினார். எதிரிகளின் கொண்டாட்டத்தைப் பார்த்து அவர்கள் கை தட்டினார்கள்.

திருடர்கள், குடிகாரர்கள், காட்டுமிராண்டிகள் என்று நாடு முழுவதும் தூற்றப்பட்ட அதே ஜனங்கள்! அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள நீதிபதி விசாரணை எதற்கு? நேரடியாக டெலிவிஷனில் அந்த இரவைப் பார்த்தவர்கள் எல்லாரும் சாட்சி.

பிறகு நடந்தது

ஆனால் அந்தச் சாட்சி எடுபடவில்லை. நீதிபதி டெய்லர் அதே வருஷம் ஆகஸ்டு மாதம் கொடுத்த அறிக்கையில், போலீசார் கட்டுப்பாட்டை இழந்ததே முக்கியக் காரணம் என்று சொன்னார். பழி மட்டும் போகவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். 2012-ல் ஒரு தனிக்குழு பழைய காகிதங்களைத் தோண்டி எடுத்து, போலீசார் வாக்குமூலங்களைத் திருத்திய விவரத்தை வெளியிட்டது. அப்போது ‘சன்’ பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. 2016-ல் மரண விசாரணை ஜூரிகள், இவை சட்டவிரோதமான சாவுகள், ரசிகர்கள்மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 27 வருஷம்!

டெய்லர் சொன்னபடி பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் நாற்காலி வந்தது. இரும்பு வேலிகள் போயின. ஆர்சனலுக்கோ, ஜெயித்தும் ஐரோப்பியக் கோப்பையில் ஆடக் கொடுத்துவைக்கவில்லை; ஹெய்சல் சம்பவத்துக்காக இங்கிலாந்து கோஷ்டிகளுக்கு இருந்த தடை அப்போது நீங்கவில்லை. லிவர்பூல் அடுத்த வருஷமே, 1990-ல், பட்டத்தை வாங்கியது. அதற்கடுத்த பட்டத்துக்கு 2020 வரை காத்திருந்தது.

கடைசி கோல் அடித்த மைக்கேல் தாமஸ் என்ன ஆனார் தெரியுமா? 1991-ல் லிவர்பூலிலேயே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்காக ஒரு கோலும் அடித்தார். அவரை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது.

‘சன்’ பத்திரிகையை ஏற்றுக்கொள்ளவில்லை. லிவர்பூலில் பல கடைக்காரர்கள் அதை இன்றும் விற்பதில்லை.