பினாங்குக்குப் போனால் பாட்டியையும் அழைத்துப் போங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டது. பிள்ளைகள் கடலுக்குப் போகலாம் என்று நச்சரிக்கிறார்களா? பினாங்குக்கே போய் வாருங்கள். ஆனால் நேரே பத்து பெரிங்கிக்கு ஓடிவிடாதீர்கள். அங்கே மணலும் தண்ணீரும் உண்டு, சொறிமீனும் உண்டு. சிறுபிள்ளைகளைக் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு.

1985இல் திறந்த பழைய பாலத்தின் மேல் போகிறபோது இடப்பக்கம் பாருங்கள். பச்சைப் பசேலென்று ஒரு சிறு தீவு தெரியும். அதுதான் ஜெரஜாக். ஒரு காலத்தில் அங்கே தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையும் இருந்தது. நமக்கு நெருக்கமான கதை இன்னொன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம்மவர்களை மருத்துவச் சோதனைக்கு நிறுத்திய இடமும் அதுவே. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ தலைகாட்டினால், ஊருக்குள் விடாமல் நாள்கணக்கில் தங்க வைத்துவிடுவார்கள். பால்மரத்தைக் கண்ணால் பார்க்குமுன்பே இத்தனை பாடு!

தோட்ட வேலைக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதன் பிறகும் ரஜுலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மூட்டை முடிச்சோடு மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அதில் பிள்ளையாக வந்தவர்கள் இன்று எண்பதை எட்டிய பாட்டன் பாட்டிகள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருக்கக்கூடும். ‘வயதானவர், அலைச்சல் தாங்காது’ என்று வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஜார்ஜ் டவுனில் பார்க்க நிறைய உண்டு. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய ஊரல்லவா! குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழும்பியது. கோவிலில் கும்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் கடலோரத் திடலுக்கு வந்துவிடுங்கள். கார்களை ஏற்றிய பழைய பெரிகள் போய்விட்டன; 2023 முதல் புதிய பெரிகள்தாம்.

பாட்டியை நிழலில் உட்கார வைத்து, கையில் கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கொடுங்கள். எந்த ஊரில் ஏறினார், எந்த ஆண்டு, கரையில் யார் வந்து அழைத்துப் போனார்கள், மூட்டையில் என்ன இருந்தது என்று பேரப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். மூத்த பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கடப்பிதழோ கப்பல் சீட்டோ கிடந்தால், கறையான் தின்னுமுன் அதையும் எடுத்து அந்த நோட்டோடு வையுங்கள்.