நிறம் மாறாத நஞ்சு



"நிறம், சுவை, வாடை மாறாத நீர் சுத்தமானதுதானே? மழை பெய்தால் ஆறு தானே கழுவிக்கொள்ளும்" என்று கூறி, மருந்துக் கழிவைப் பொருட்படுத்தாதோர் நம்மிடையே உள்ளனர். உளூவுக்குரிய சட்டத்தை மாசுபடுத்துவோருக்கு அனுமதிச் சீட்டாக்குவது மார்க்க அறிவாகாது.

ஹைதராபாத் அருகேயுள்ள பட்டஞ்செருவைப் பாருங்கள். சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவுநீரைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அங்குள்ளது. அது சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருப்பதில்லை!

கோடையில் நீரோட்டம் குறையக் குறைய மருந்தின் செறிவு கூடுகிறது. மழைக்காலத்தில் செறிவு குறையலாம். ஆனால் அதே வெள்ளம் வண்டலையும் சாக்கடையையும் கீழூர்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் இத்தகைய நீரில்தான் பெருகுகின்றன. நாளை நம் பிள்ளையின் நோய்க்கு மாத்திரை பயனற்றுப் போனால், எந்த மழை அதைக் கழுவும்?

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஊரார் குடிக்கும் நீரில் மருந்தைக் கொட்டுவது மட்டும் எப்படி ஆகுமாகும்?

2020ஆம் ஆண்டு மத்திய அரசின் வரைவு விதிகளில், ஆலைக் கழிவில் கலக்கும் ஆன்டிபயாட்டிக் எச்சங்களுக்கு வரம்பு இருந்தது. 2021இல் வந்த இறுதி அறிவிப்பில் அது நீக்கப்பட்டது. அவ்வரம்பைக் கேட்டு வாங்குவது நம் கடமை. எஞ்சிய மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதிருப்பதும் நம் கடமையே.

நீர் என்னும் அமானிதத்தைப் பேண வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.