கன்வல்யூஷனும் கணிப்பொறியும்

கணிப்பொறி இருக்கையில் கை எதற்கு என்னும் கேள்வி நம் முதுநிலை வகுப்புகளில் இப்போது பலமாக ஒலிக்கிறது. கன்வல்யூஷன் கணக்கைத் தேர்வுத்தாளிலிருந்தே நீக்கிவிட்டு, மென்பொருட் செய்முறையாக மட்டும் வைத்தாற் போதும் என்பது நண்பர்கள் பலருடைய வாதம். அதற்கு நான் உடன்படவில்லை.

அவர்கள் சொல்லும் குறை பொய்யன்று. துண்டுதுண்டாக வரையறுத்த இரு சார்புகளுள் ஒன்றைத் திருப்பி, மற்றதன்மேல் நகர்த்தி, நகர்த்தும் ஒவ்வோரிடத்தும் தொகையீட்டின் எல்லைகளை மாற்றி எழுதவேண்டும். நடுவில் ஒரு குறி மாறினால் அத்தனையும் பாழ். "இதில் பௌதிகம் எங்கே?" என்று கேட்கிறார்கள். மேத்தமட்டிகாவிலோ ஒரே கட்டளைதான். ஓரலகுச் செவ்வகம் இரண்டைக் கொடுத்தால் முக்கோணத்தைக் கையில் தந்துவிடுகிறது.

பௌதிகம் அந்த முக்கோணத்தில்தான் இருக்கிறது, நண்பர்களே! நிறமாலைமானியில் ஒளி புகும் பிளவும் வெளியேறும் பிளவும் ஒரே அகலமானால், மெல்லிய கோடொன்று நமக்கு முக்கோணமாகத் தெரியும். அகலம் வேறுபட்டால் சரிவகமாகும். செவ்வகத்தின்மேல் செவ்வகம் நகர்வதைத் தாளில் வரைந்து பார்த்தவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். வரையாதவன் கருவியின் வடிவத்தைப் பொருளின் வடிவமென்று எழுதி வைப்பான்.

பொறியும் எப்போதும் முகமலர்ந்து விடை கூறுவதில்லை. சிம்பையில் இத்தகைய துண்டுகளை நேராகத் தொகையிடச் சொன்னால், சில வேளை சிறுமம், பெருமம் என்று அடுக்கடுக்காக ஒரு கோவை வந்து நிற்கும். எண்முறை இன்னும் வேடிக்கை. இரண்டு ஓரலகுச் செவ்வகங்களை 0.01 இடைவெளியில் நூறு நூறு புள்ளிகளாக்கி நம்பையிடம் கொடுத்தால் 199 எண்கள் வரும். உச்சி 100 என்று நிற்கும். உண்மையான உச்சி 1. இடைவெளியால் பெருக்குவது நம் பொறுப்பு, அது நினைவூட்டாது. விரைவு ஃபூரியர் மாற்றத்தின் வழியே சென்று, பூச்சியங்களைச் சேர்க்காமல் 100 புள்ளிகளோடே நிறுத்தினாலோ முக்கோணமே மறைந்து தட்டையான கோடு கிடைக்கும். அதையும் வண்ணத்தில் அழகாக அச்சிட்டுத் தரும்!

இவற்றைப் பிடிக்கப் பெரும்புலமை வேண்டாம். விடையின் நீளம் இரு நீளங்களின் கூட்டல். பரப்பு இரு பரப்புகளின் பெருக்கல். உயரம் 1, அகலங்கள் 1, 2 என்றால், விடை 3 அலகு நீண்டு 2 அலகுப் பரப்புள்ள சரிவகம். அரை நிமிட வேலை.

ஆகவே தேர்வில் ஒரு வினா இருக்கட்டும்; அதுவும் எளிய இரு செவ்வகங்களாகவே இருக்கட்டும். படத்துக்கும் எல்லைகளுக்கும் பெரும்பகுதி மதிப்பெண் கொடுத்து, பரப்பைச் சோதித்தவனுக்குத் தனியே இரண்டு கொடுக்கலாம். மூன்று நான்கு துண்டுகளை இழுத்துப் போட்டு மாணவனை வதைக்கும் வினாக்களைத் தாராளமாகக் கணிப்பொறிக்கே தள்ளிவிடலாம். சிம்பையும் நம்பையும் விலையின்றிக் கிடைப்பவை.