சும்மாவா?

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி ஒருநாள் சைக்கிள்ல போய்ப் பாருங்க என்று எல்லாருக்கும் சொல்லித் திரியிறவன் நான். போன மாசமும் நாலு பேர் விடியக் கிளம்பினோம். கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி. மண்முனைப் பாலத்தோடு எழுவான்கரை முடிந்து படுவான்கரை தொடங்கும். 2014இல் பாலம் திறக்கும்வரை இதில் 'பாதை' ஏறித்தான் வாவியைக் கடக்க வேணும். அங்கால கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, வவுணதீவு என்று வளைந்து வலையிறவுப் பாலத்தால் நகருக்குத் திரும்பலாம்.

மகிழடித்தீவு தாண்டி எதிர்க்காற்றில் எங்களுக்கு மூச்சு வாங்குது. பள்ளி விட்டு வந்த தங்கச்சி ஒருத்தி, கெரியரில் தம்பியையும் ஏற்றிக்கொண்டு எங்களை முந்தினாள்.

"அண்ணா, போட்டியா?"

"இல்ல, சும்மா ஓடுறம்."

"சும்மாவா?" சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி இன்னும் உறுத்துது. நாங்கள் வருசத்துக்கு ஒருக்கா மிதித்துவிட்டு ஸ்டேட்டஸ் போடுறம். அவள் பள்ளி நாளெல்லாம் மிதிக்கிறாள். அதைத் 'தன்னம்பிக்கை' என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அது தன்னம்பிக்கை இல்லை, பஸ் இல்லாத குறை.

வாவியைச் சுற்றப் போங்க, கட்டாயம் போங்க. ஆனா படுவான்கரையில் யாரிட்டயாவது பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வாங்க. அந்தப் பதிலையும் ஸ்டேட்டஸில் போடுங்க. பள்ளி நேரத்துக்கு ஒரு பஸ் ஓடினால், அவளும் ஒருநாள் சும்மா சைக்கிள் ஓடுவாள்.