பணித்தொடர்ச்சியில் ‘இண்டரப்ட்’: முறிவா, இடையீடா?

‘இண்டரப்ட்’ என்னும் ஆங்கில வினை, ‘இடையில்’ எனவும் ‘முறி’ எனவும் பொருள்படும் இரண்டு இலத்தீன் கூறுகளால் ஆனது. எனினும் வழக்கில் அது முடிவைக் குறிப்பதில்லை; நின்றது மீளத் தொடரும் என்னும் எதிர்பார்ப்பையும் உடன்கொண்டுள்ளது. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தின் அண்மை வரலாறு இதற்குச் சான்றாகும். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்துக்குப் பின் தொழிலாளர்கள் பணிக்குத் திரும்பினர். இந்நிலைக்கு இவ்வினை பொருந்தும். 2014 நவம்பர் 1 அன்று நின்ற நோக்கியா ஆலையின் உற்பத்தி மீளவில்லை. அதற்கு இவ்வினை பொருந்தாது.

தமிழில் இதற்கு நேராகக் குறுக்கிடு, இடைமறி, இடையறு முதலிய சொற்கள் வழங்குகின்றன. முன்னவை இரண்டும் தடுப்பவர் ஒருவரை வேண்டி நிற்பன; இடையறுதல், இழை அற்றுப்போதலைச் சுட்டுவது. இவற்றுள் எதனைத் தேர்வது என்பது அகராதிச் சிக்கல் மட்டுமன்று.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25பி பிரிவு, ‘தடைபடாத பணி’ என்பதனுள் நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டத்துக்குப் புறம்பாகாத வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றால் ‘தடைபட்ட’ பணியையும் அடக்கிற்று. ஒரே வினையின் எதிர்மறையும் உடன்பாடும் ஒரே தொடரில் அமைந்தன. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவர் நிரந்தரத் தகுதி பெறுவார் என்பது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த இவ்வட்டாரத்தில் அந்நாட்களின் கணக்கே வாழ்வின் கணக்கு. அலுவலக வழக்கிலுள்ள ‘பணிமுறிவு’ என்னும் சொல்லை இங்கு ஆண்டால், ‘முறிந்த பணியே முறியாப் பணி’ என்னும் முரண் எழும். நோயால் விடுப்பெடுத்தவர் தம் தொடர்ச்சியும் அன்றே முறிந்தது எனக் கருத நேரும்.

இம்முரணைத் தீர்க்கும் சொல் யாப்பிலக்கணத்தில் உள்ளது. ஓரடி இடையிட்டு வரும் எதுகையை இலக்கண நூலார் ‘இடையிட்டெதுகை’ என்றனர். இடையே எதுகையில்லா அடி நிற்பினும் தொடை கெடுவதில்லை; அந்த இடைவெளியும் அத்தொடையின் இலக்கணமே. அவ்வாறே ‘இடையிட்ட தொடர்பணி’ எனின் இடைவெளியும் புலப்படும், தொடர்ச்சியும் நிலைபெறும். ‘இடையீடு’ இன்று திறனாய்வில் தலையீட்டைக் குறிப்பினும், ‘இடையிட்ட’ என்னும் பெயரெச்சம் அம்மயக்கத்திற்கு இடந்தராது.

முறிவு, மீளாதவற்றுக்கே உரியதாகட்டும். சட்டத்தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு பேணப்படுதல் வேண்டும்.