ஜாதகமா, நாடியா?

பழைய வண்டியைப் பழுது பார்ப்பவனைப் பைத்தியக்காரன் என்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. "இந்தப் பணத்தில் தவணைக்குப் புது வண்டியே எடுக்கலாமே!" என்று உபதேசம் செய்ய ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆளாகச் சர்க்காரும் சேர்ந்துகொண்டதுதான் என் வருத்தம்.

காரைக்காலை அடுத்த நெடுங்காட்டில் ஒரு தாய்மாமன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உர மூட்டையும் காய்கறியும் சுமந்து ஓய்ந்த பிக்கப் வண்டி ஒன்று அவர் கொல்லையில் நிற்கிறது. அடித்தகடு துருவேறிப் போயிற்று. விடுமுறைக்கு வந்த மருமகன் அதைக் கிளப்பியே தீருவதென்று வரிந்து கட்டுகிறான். இருவருமாக எஞ்சினை இறக்குகிறார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கிறார்கள். "கழற்றினதை வரிசையா அடுக்கி வை, மாப்பிள்ளே. கடைசியிலே கழற்றினதுதான் முதல்லே மாட்டணும்" என்கிறார் மாமா. இந்தப் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, ஐயா?

கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியில் எஞ்சினீயரிங் படித்தார்? ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டினார். யந்திரத்தின் மர்மம் அப்படித்தான் அவருக்குப் பிடிபட்டது. 1920 இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழில் தொடங்கியவர், பின்னால் பல யந்திரங்களைத் தாமே படைத்தார். கழற்றத் தெரிந்த கைதான் படைக்கவும் துணியும்.

சர்க்காரின் நியாயத்தையும் பார்ப்போம். 2021 இல் வந்த பழைய வண்டிக் கழிப்புத் திட்டம், தகுதிச் சோதனையில் தேறாத வண்டியை உடைத்துவிடச் சொல்கிறது. சரிதான். ஆனால் கட்டணம் எதைப் பார்த்து ஏறுகிறது? வயதைப் பார்த்து! சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. வண்டிக்கு 20 வயது கடந்திருந்தால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. சோதனையில் தேறிய வண்டிக்கும் இதே தண்டம்!

இன்னொரு வேடிக்கை. 50 வயதைத் தாண்டி, அசல் உருவம் மாறாத கார்களுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு எண்ணே 2021 இல் ஏற்படுத்தினார்கள். ஆனால் அவை அன்றாடம் ஓடக் கூடாது, தொழிலுக்கும் ஆகாது. சீமான் வீட்டுக் கொட்டகையில் மினுக்கிக்கொண்டு நின்றால் கௌரவம். குடியானவனுக்கு மூட்டை சுமந்தால் தண்டம். உழைக்கிற கிழவனுக்கு வரி, உட்கார்ந்திருக்கிற கிழவனுக்கு மாலை!

"புகையைப் பற்றி என்ன சொல்கிறீர்?" என்பீர்கள். பழைய எஞ்சின் புதியதைப் போல் சுத்தமாக எரியாது, மறுக்கவில்லை. புகையை அளக்கத்தான் கருவி இருக்கிறதே, நன்றாக அளக்கட்டும். வரம்பு மீறினால் மாமன் வண்டியானாலும் மந்திரி வண்டியானாலும் தெருவில் இறங்கவிடவேண்டாம். ஆனால் புது வண்டி வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு இரும்பு உருக்கும் உலையும் புகை கக்கத்தான் செய்கிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் கேட்பது சலுகையல்ல. சோதனையைக் கடுமையாக்குங்கள், தேறிய வண்டியின் மேல் வயதுக்காகத் தண்டம் போடாதீர்கள். வைத்தியன் நாடியைப் பிடித்துப் பார்ப்பானே தவிர, ஜாதகத்தைப் பார்த்து நோயாளியைச் சுடுகாட்டுக்கு அனுப்பமாட்டான்.